சிப்பி ஒட்டிய இரும்பு

அந்த மழைக்காலம் எங்கள் ஊருக்குள் கருவாடு சுடுகிற வாசனையோடு வந்தது. ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில், ஏரிகளும் கரம்புகளும் சூழ இருந்த ஊர் அது. மீன் என்றால் எங்களுக்கு ஏரிக் கெளுத்தியும் விராலும்தான், கடலைப் பார்க்காமலே கிழவர்களாகிச் செத்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஆனால் சாலையோரத்து ரோலிங் மில்லின் உலையில் அந்தத் தகடுகளைப் போட்ட நாள் முதல், உப்பும் சுண்ணாம்பும் பழைய பெயின்டும் சேர்ந்து கருகுகிற நாற்றம் புகைபோக்கியிலிருந்து இறங்கி, காயப்போட்ட துணியில், சோற்றில், பாடப் புத்தகத்தில் எல்லாம் ஏறிக்கொண்டது. தகடுகளின் மேல் விரல் தடிமனுக்குச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. உலையின் சூட்டில் அவை பட்டாசுபோல் வெடித்தன.

அது 1991. அந்த ஆண்டு மே மாதம் எங்களுக்குப் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் எழுதுவது அதே ஆண்டு ஐப்பசியில் நடந்த, எந்தப் பத்திரிகையிலும் வராத ஒரு விஷயத்தை.

என் அப்பா அந்த மில்லில் யார்டு மேஸ்திரி. லாரியில் வரும் பழைய இரும்பை எடை பார்த்து இறக்கி, தரம் பிரித்து, கேஸ் டார்ச்சால் வெட்டுகிற கட்டர்களிடம் கொடுப்பது அவர் வேலை. வெட்டிய துண்டுகள் உலையில் பழுத்து, உருளைகளுக்கு நடுவே நசுங்கி, வீடு கட்டும் கம்பியாக வெளியே வரும். எங்களுக்கு மில் மதிலையொட்டியே ஒரு குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதன் ஜன்னலில் நின்றால் யார்டு முழுவதும் தெரியும். மழைக்கு முந்தைய அந்த வாரங்களில் பள்ளி விட்டு வந்ததும் நான் அங்கேதான் நின்றேன், ஏனென்றால் லாரிகளில் வந்துகொண்டிருந்தது ஒரு கப்பல்.

கப்பல் என்று சொல்லக் கூடாது என்று பிறகு உத்தரவு வந்தது. முதல் லாரிகள் வந்தபோது அப்படி ஒரு தடை இல்லை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டி வந்த டிரைவர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அவர்கள் ஊர்க் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், மணல் திட்டில் சாய்ந்து, முப்பது வருஷமாகக் கிடந்த பயணிகள் கப்பல் அது. தண்ணீருக்கு மேல் துருத்திக்கொண்டிருந்த புகைக்கூண்டை அடையாளம் வைத்துத்தான் மீன்பிடிக்கிறவர்கள் வலை போடுவார்களாம். யாரோ ஏலம் எடுத்து, கடலிலேயே வெட்டிக் கரைக்கு இழுத்து விற்கிறார்கள். டிரைவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது டீக்கடைக்கு எதிரே, மாதா கோயில் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியம் என்ற பெண்மணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து, கப்பலின் பெயரைக் கேட்டார். டிரைவருக்குப் பெயர் தெரியவில்லை. இங்கிலீஷ்காரி ஒருத்தியின் பெயர் என்று மட்டும் சொன்னார். ஆரோக்கியத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தக் கப்பலின் கதையை நான் பிற்பாடு, பத்திரிகை வேலைக்குப் போன பின் தேடித் தெரிந்துகொண்டேன். நிலக்கரியில் ஓடிய நீராவிக் கப்பல். சென்னையில் கிளம்பி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் என்று கரையைக் கண்ணிலிருந்து விடாமலே போய்த் திரும்பும். ஆழமில்லாத ஊர்களில் அது தள்ளி நிற்க, படகுகள் போய் ஆட்களையும் கோழிக்கூடைகளையும் கல்யாணப் பாத்திரங்களையும் ஏற்றி வரும். மேலே வெள்ளைப் பெயின்ட் அடித்த சில அறைகள். அதில் வக்கீல்களும் நவதானிய வியாபாரிகளும். தளத்தில் பாயை விரித்துப் படுக்கிற ஏழைகள். இவர்கள் எல்லோருக்கும் கீழே, வெளிச்சமே போகாத பள்ளத்தில், உலைக்குக் கரி தள்ளுகிறவர்கள். ரயிலும் பஸ்ஸும் பயணிகளைப் பிடுங்கிக்கொள்ளத் தொடங்கிய பிறகு கம்பெனி பழுது பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு கப்பலை ஓட்டியது. ஒரு மழைக்காலப் புயலில் நாகப்பட்டினத்துக்குள் நுழைய முடியாமல் தெற்கே அடித்துச் செல்லப்பட்டு, மணலில் ஏறி உடைந்தது. மேலே இருந்தவர்களில் பாதிப் பேரை மீனவர்கள் கட்டுமரத்தில் போய்க் காப்பாற்றினார்கள். பள்ளத்தில் இருந்தவர்கள் யாரும் ஏறி வரவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகை, மேல் வகுப்பில் செத்தவர்களின் பெயர்களைத் தொழிலோடு போட்டிருந்தது. கரி தள்ளியவர்களை 'மற்றவர்கள்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டிருந்தது. பத்திரிகையில் வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இடம் பற்றாதபோது நாங்களும் அப்படித்தான் செய்வோம்.

அந்த மற்றவர்களில் ஒருவர் எங்கள் ஊர் அந்தோணி. மண்ணூரிலிருந்து ஆரோக்கியத்தைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு அறுவடைகூட ஆகாத நேரத்தில் துறைமுகத்தில் கரி இறக்கப் போய், அங்கிருந்து கப்பலில் ஏறியவர். ஒவ்வொரு நடை முடிந்ததும் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, ஊர் வரைக்கும் நடந்தே வருவாராம். கடைசி நடைக்குப் பிறகு வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. சாவுச் செய்தியை யாரும் எழுதி அனுப்பவும் இல்லை. அடுத்த ஆவணியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போய் வந்த ஊர்க்காரர் ஒருவர், நாகப்பட்டினம் கடைத்தெருவில் அந்தோணி மாதிரியே ஒருவனை, ஒரு பெண்ணோடும் கைக்குழந்தையோடும் பார்த்ததாகச் சொன்னார். அவர் 'மாதிரி' என்றுதான் சொன்னார். ஊர் அந்த வார்த்தையை எடுத்து எறிந்துவிட்டது.

அதிலிருந்து ஆரோக்கியம் விதவை இல்லை, புருஷன் விட்டுப்போனவள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டுக்கும் இருக்கும் தூரம் அதிகம். விதவையிடம் ஊர் பரிதாபப்படும். விட்டுப்போனவனின் மனைவியிடம், அவன் ஏன் போனான் என்று கேட்கும். அவரைக் "கப்பல்காரி" என்றார்கள். குழாயடியில் குடம் மாற்றி வைத்ததற்குக்கூட, "இன்னாடி கப்பல்காரி, அந்தப் பக்கமும் ஒரு வூடு கீதுன்னு போனவன இன்னும் தேடிக்கினுகீறியா" என்று பேச முடிந்தது. பிள்ளைகள் அவர் பின்னால் போய்க் கப்பல் ஊதுகிற மாதிரி வாயால் ஊதுவார்கள். முப்பது வருஷமாக ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் அதை முந்தைய தலைமுறையிடம் கற்றுக்கொண்டு ஊதினார்கள்.

கோயிலைப் பெருக்குவது தவிர அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. கல்லறைத் திருநாளுக்கு முந்தைய வாரம், ஊரார் கல்லறைகளுக்கெல்லாம் பாசி சுரண்டி, சுண்ணாம்பில் நீலம் கலந்து வெள்ளையடிப்பது. யாருடைய கல்லறை எங்கே பிளந்திருக்கிறது, எதில் எறும்பு புற்று வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தந்தக் குடும்பத்தைவிட அவருக்குத் தெரியும். திருநாள் அன்று சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வந்து, அவர் வெள்ளையடித்த மேடையில் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார அவருக்கு இடம் கிடையாது. நடுவில் இருக்கும் பெரிய சிலுவையின் காலடியில், ஆளில்லாத பிணங்களுக்காக ஏற்றுகிற மெழுகுவத்திகளோடு தன்னுடையதையும் நட்டுவிட்டுப் போய்விடுவார். கல்லறைக்கு இடம் வேண்டும் என்று பல வருஷம் கேட்டிருக்கிறார். கோயில் கமிட்டி ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னது. புதைக்க ஏதாவது வேண்டும், வெறும் குழிக்கு இடம் கொடுக்க முடியாது.

இப்போது புதைக்க ஏதோ வந்திருந்தது.

அவர் மில் கேட்டுக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கப்பலில் ஒரு துண்டு வேண்டும் என்றார். கட்டர் சேகர் என்று ஒருவன் இருந்தான், வாய்த்துடுக்குக்காரன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எந்தத் துண்டு ஓணும் யக்கா? தலையா, காலா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் ஒரு துருப்பிடித்த நட்டைக் கொடுத்து இதுதான் உன் வீட்டுக்காரர் என்றார்கள். அதற்கடுத்த நாள் ஒரு கதவுக் கீல். கொடுத்த ஒவ்வொன்றையும் அவர் வாங்கித் திருப்பிப் பார்த்து, சிப்பி ஒட்டாததைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வாரம் போல இது நடந்தது. கடைசியில் சேகருக்கே அலுத்துப்போய், இரண்டு கை அகலத் தகடு ஒன்றை, மூன்று ரிவெட் குமிழ்களோடும் சிப்பிகளோடும் வெட்டி, மதில் மேல் வழியாகத் தூக்கிப் போட்டான். அவர் அதை முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார், குழந்தையைத் தூக்கிப் போவதுபோல என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அப்படி இல்லை. கனமான ஒரு இரும்பைத் தூக்கிப் போவது போலத்தான் போனார்.

அதே வாரத்தில் யார்டில் ஒரு தகட்டு மடிப்பில் இறுகியிருந்த சேற்றைத் தட்டியபோது ஒரு பித்தளைக் கரண்டி வந்தது, ஒரு செருப்பின் அடிப்பாகம் வந்தது, பிறகு வேறு ஏதோ வந்தது. வெட்டுகிறவர்கள் டார்ச்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். அப்பா அதை ஒரு சாக்கில் போட்டுத் தானே எடுத்துப் போனார். எங்கே போட்டார் என்று சொல்லவில்லை. மறுநாள் முதலாளி காரில் வந்து எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். இது ரயில்வே பாலத்துப் பழைய இரும்பு, யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும், வேறு மாதிரி பேசுகிறவன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். காரணம் எல்லோருக்கும் புரிந்தது. புது வீட்டுக்குக் கம்பி வாங்குகிறவன், இந்துவோ கிறிஸ்தவனோ, ஆட்களோடு முழுகிய கப்பலின் இரும்பைத் தன் தலைக்கு மேல் கூரையில் வைக்க மாட்டான். ரயில் பாலத்தில் சிப்பி ஒட்டாது என்பது எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அந்த விலைக்கு வேறு கம்பி கிடைக்கவில்லை. அதனால் ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்பியது.

கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து பங்குச் சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பிய பிறகு, கமிட்டி கோயில் முற்றத்து மணலில் கூடியது. ஆரோக்கியம் தகட்டைக் கோடித் துணியில் சுற்றி, பிணத்துக்குக் கட்டுகிறபடி இரண்டு முனையிலும் முடிந்து கொண்டுவந்து மணலில் வைத்தார். தலைவர் சவரிமுத்து குனிந்து பார்த்தார். பிறகு என் அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் கமிட்டியில் இருந்தார். கோயிலுக்குப் புதிதாகக் கட்டவிருந்த மணிக்கூண்டுக்கு மில்லிலிருந்து குறைந்த விலையில் கம்பி ஏற்பாடு செய்ததும் அவர்தான். கம்பி ஏற்கனவே வந்து கோயில் பின்புறம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தலைவருக்கு அது தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். கேள்வியைத் தலைவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

"மேஸ்திரி, நீதான் இரும்புல இருக்கிறவன். இது அந்தக் கப்பலுதான்னு ஒன்னால சொல்ல முடியுமா?"

அப்பா அவசரப்படவில்லை. "இரும்புல பேரா எழுதிக்கீது? ஸ்கிராப்புன்னா ஸ்கிராப்புதான். எங்களுக்கு வர்றது ரயில்வே இரும்பு."

"அப்போ இந்தச் சிப்பி எப்டிண்ணே வந்துச்சி?" என்று ஆரோக்கியம் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ளக் கேட்பது போலிருந்தது.

அப்பா பதில் சொல்லும் முன் பின்னாலிருந்து யாரோ, "ரயிலு கடல்ல வுயுந்துருக்கும்" என்றார். ஆண்கள் பக்கம் சிரித்தது, பிறகு பெண்கள் பக்கமும் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தலைவர் மற்ற விஷயங்களுக்குப் போனார். திருநாளுக்கு மைக் செட் யாரிடம் சொல்வது என்பது அடுத்த விஷயம்.

அன்று மதியம் சோறு போடும்போது அம்மா அப்பாவிடம், "அது அந்தக் கப்பலுதானே?" என்றார். அப்பா ஆமாம் என்றார். "அப்புறம் ஏன் அப்டி சொன்ன?"

"அவ ஒருத்திக்காவ அத்த ஒத்துக்கினா, கோயிலுக்குப் போட்ட கம்பிய இன்னா பண்றது? திருப்பி ஏத்துவியா நீ?" என்றார் அப்பா. பிறகு ரசம் கேட்டார். என் அப்பா கெட்டவர் இல்லை. எங்களை அடித்ததில்லை, குடித்ததில்லை, ஊரில் யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகப் போய்ப் பாடை கட்டுவார். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அந்த முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படிப்பட்டவர்கள்தான் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆரோக்கியம் தகட்டைத் தன் வீட்டுக் கொல்லையில் புதைத்து, வேலிக் கொம்பில் ஒரு சிலுவை கட்டி நட்டார். திருநாள் அன்று முதல் முறையாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வராமல், கொல்லையில் மெழுகுவத்தி ஏற்றி உட்கார்ந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது, முறத்தைக் கவிழ்த்துப் பிடித்து மறைத்துக்கொண்டிருந்தார் என்று பார்த்தவர்கள் வந்து சொல்லிச் சிரித்தார்கள்.

மழை விட்ட ஒரு காலையில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற சைக்கிள்காரர் வந்தார். அவர் மணி அடித்தால் ஊர்ப் பிள்ளைகள் ஓட்டைத் தகரம், உடைந்த கரண்டி எல்லாவற்றையும் தேடிக் கிளம்புவார்கள். ஆரோக்கியம் அந்த நேரம் கோயிலில் பெருக்கிக்கொண்டிருப்பார் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். என் தம்பி கை நிறையப் பேரீச்சம்பழத்தோடு, முழங்கால் வரை சேற்றோடு வந்தான். ஷிப்ட் முடித்து வந்திருந்த அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இவ்வளவு பழத்துக்கு என்ன இரும்பு கிடைத்தது என்று கேட்டார். தம்பி சொன்னான். அப்பா மென்று முடித்து, கொட்டையைத் துப்பிவிட்டு, கை கழுவப் போனார்.

சைக்கிள்காரர் மூட்டையை விற்பதும் எங்கள் மில்லில்தான். இரண்டொரு நாளில் தகடு யார்டுக்குத் திரும்பி வந்தது. ரிவெட்டில் கோடித் துணியின் கிழிசல் மாட்டியிருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். சேகரைக் கூப்பிடவில்லை. தானே தூக்கிப் போய் உலையில் தள்ளினார்.

ஆரோக்கியம் குழியைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை, யார் வாசலுக்கும் போகவில்லை. குழியை மூடிவிட்டார். மணிக்கூண்டுக்குக் கான்கிரீட் போட்டபோது, வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று கமிட்டி சொல்லியிருந்தது. தன் வீட்டுக்கு ஒருவராக அவரும் வந்து, மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று கலவைச் சட்டி வாங்கிக் கைமாற்றினார். கம்பி கட்டி நின்ற தூண்களுக்குள் கலவை விழுந்தது. சட்டியைக் கைமாற்றிவிட்டுச் சேகர், அவனும் ஊர்க்காரன்தான், அவர் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "யக்கா, ஒன் வூட்டுக்காரரு இனிமே கோயிலு மேல நிப்பாரு. நீதான் கொடுத்து வெச்சவ."

அவன் கேலிக்குச் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கல்லறைத் திருநாளில் அவர் மெழுகுவத்தி மணிக்கூண்டின் காலடியில் எரிந்தது. அதற்கடுத்த ஆண்டும் எரிந்தது, பூவும் இருந்தது. திருநாளுக்கு வந்திருந்த வெளியூர்க்காரர் ஒருவர், இங்கே யாரையாவது புதைத்திருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டார். கமிட்டி அன்றே கூடியது. மணிக்கூண்டுப் பக்கம் மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்று அவரிடம் சொன்னார்கள். அவர் சரி என்று சொல்லாததால், கோயில் பெருக்குகிற வேலையையும் கல்லறைக்கு வெள்ளையடிக்கிற வேலையையும் வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அப்பா இருந்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அவர் கேட்கும் முன்பே அம்மா ரசம் ஊற்றினார்.

இப்போது அந்த மில் இல்லை. அது இருந்த இடத்தில் கார் உதிரிபாகங்கள் அடுக்கும் கிடங்கு நிற்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் திரும்புகின்றன. சேற்றில் ஓடிப் பேரீச்சம்பழம் வாங்கிய பிள்ளைகள் ஷிப்டுக்குப் போய் நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். சைக்கிள்காரரின் மணி எந்த ஊரிலும் கேட்பதில்லை. வேதாரண்யத்துப் பக்கம் போனபோது கப்பல் கிடந்த இடத்தைக் காட்டச் சொன்னேன். வயதான ஒருவர் கையை நீட்டிக் காட்டினார். அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது. அப்பா சாவதற்குச் சில மாதம் முன்பு, படுக்கையில் நினைவு தெளிவாக இருந்த ஒரு மத்தியானம், அந்தச் சிப்பி இரும்பு எந்தக் கப்பலுடையது என்று கேட்டேன். "ரயில்வே ஸ்கிராப்பு" என்றார்.

ஆரோக்கியம் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். செத்த பிறகு கமிட்டி தாராளமாக நடந்துகொண்டது. தோட்டத்தில் நல்ல இடத்தில் குழி வெட்டி, கோயில் செலவிலேயே கிரானைட் கல்லும் வைத்தது. சென்ற நவம்பரில் அதைப் பார்த்தேன். இரண்டு பக்கத்திலும் விதவைகளின் கல்லறைகள். அவற்றில் 'காலஞ்சென்ற' என்று தொடங்கிக் கணவர்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருந்தன. ஆரோக்கியத்தின் கல்லில் 'அந்தோணி அவர்களின் மனைவி' என்று மட்டும் இருந்தது. கமிட்டியின் இப்போதைய தலைவர் இளைஞர், ஒரகடத்தில் கார் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஏன் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன். கப்பலைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"அவரு செத்துட்டாருன்னு எங்களுக்கு இன்னா ஆதாரங்க கீது? இல்லாதத எப்டிங்க கல்லுல வெட்டறது?"